நூலில்லாத் தையல்

நீல நிறத்தில் ஒரு சதுரம். அதன் விளிம்பை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் விட்டுவிட்டு ஓடும் ஒரு கோடு. ஜீன்ஸ் பாக்கெட் வரையச் சொன்னால் கணினியில் வரையப் பழகுகிறவர் முதலில் இதைத்தான் வரைவார். நிறம் சரி, வடிவம் சரி, தையல் ஓடும் இடம்கூடச் சரி. ஆனாலும் பார்க்கிறவர் கண் ஒரு நொடி தயங்காமல் 'இது துணியில்லை' என்று சொல்லிவிடும். ஊசியில் நூல் கோத்தறியாதவர் கண்ணும் சொல்லும். என்ன குறைகிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

அந்தக் குறையின் ஒரு பகுதி தறியில் இருக்கிறது, ஒரு பகுதி தையல் இயந்திரத்தில், ஒரு பகுதி சாயத் தொட்டியில். மிச்சம் நம் மண்டைக்குள். ஒரே ஒரு ஜீன்ஸ் பாக்கெட்டை வெக்டர் மென்பொருளில் நம்பும்படி வரைய முயன்றால் இந்த நான்கு இடங்களுக்கும் போய்வந்தாக வேண்டும்.

காருக்குப் பிறந்த கோடு

கணினிப் படங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று புகைப்படம் போன்றது. லட்சக்கணக்கான பிக்சல் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகப் பல்லிளிக்கும். மற்றது வெக்டர். 'இந்தப் புள்ளியில் தொடங்கு, இந்தத் திசையில் கிளம்பு, அந்தத் திசையிலிருந்து வந்து அந்தப் புள்ளியில் முடி' என்ற கட்டளைகள் மட்டுமே அதில் இருக்கும். விசிட்டிங் கார்டில் அச்சிட்டாலும் மூன்று மாடி உயர ஃப்ளெக்ஸில் அச்சிட்டாலும் கோட்டின் கூர்மை குறையாது. நம் ஊர் அச்சகங்களும் ஃப்ளெக்ஸ் கடைகளும் கோரல்ட்ராவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

அந்தக் கட்டளைக்குப் பின்னால் இருக்கும் கணிதம் பிரான்ஸின் கார் தொழிற்சாலைகளில் உருவானது. சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ 1959-இல் அதைக் கண்டுபிடித்தார்; நிறுவனம் ரகசியமாகப் பூட்டி வைத்தது. ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே அதே வளைகோட்டுக்குத் தனி வழியில் வந்து சேர்ந்து 1960-களில் வெளியிட்டார். பெயர் பெசியேவுக்குப் போய்விட்டது. நான்கு புள்ளிகள் கொடுத்தால் கோடு கிடைக்கும். முதலும் கடைசியும் கோட்டின் முனைகள். நடுவிலிருக்கும் இரண்டும் கோட்டைத் தொடாமலே தம் பக்கம் இழுக்கும். காஸ்தெல்ஜோவின் வழி பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும். நான்கு புள்ளிகளை இணைக்கும் மூன்று கோடுகளின் நடுப்புள்ளிகளைக் குறியுங்கள். அவற்றை இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரே கோடு. அதன் நடுப்புள்ளி வளைகோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். நடுவுக்குப் பதிலாகக் கால், அரைக்கால் என்று வேறு விகிதங்களில் இதையே செய்தால் வளைகோட்டின் மற்றப் புள்ளிகள் வரிசையாகக் கிடைக்கும்.

1987-இல் வந்த அடோபி இல்லஸ்ட்ரேட்டர், 1989-இல் வந்த கோரல்ட்ரா, 2003-இல் வந்த இலவச மென்பொருளான இன்க்ஸ்கேப் மூன்றும் இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கின்றன. நமக்குத் தொந்தரவும் அங்கேதான் தொடங்குகிறது. காரின் இரும்புத் தகட்டில் ஒரு நெளிவுகூட இருக்கக் கூடாது என்று உருவாக்கிய கோடு இது. நெளிவும் பிசிறுமே குணமாகக் கொண்ட துணியை அதை வைத்து வரையப் போகிறோம்.

தறியின் பூஜ்யமும் ஒன்றும்

துணியைப் பொறுத்தவரை வெக்டருக்கு ஒரு வசதி உண்டு. நெசவே ஒரு கணக்கு. நீளவாட்டில் தறியில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு கேள்விதான்: பாவு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? மேலே என்றால் 1, கீழே என்றால் 0. நெசவு வடிவமைப்பாளர்கள் கட்டத்தாளில் கறுப்பு, வெள்ளைக் கட்டங்களாகப் பல தலைமுறைகளாக எழுதிவருவது இதைத்தான். 1804-இல் ழோசப் மரி ஜக்கார்டு இந்தக் கட்டங்களை அட்டையில் ஓட்டைகளாக மாற்றித் தறியில் மாட்டினார். பின்னாளில் கணினிகள் துளையட்டைக்குப் போனது இந்த வழியில்தான்.

டெனிம் என்பது 3/1 ட்வில் நெசவு. ஒவ்வொரு பாவு இழையும் மூன்று ஊடைகளுக்கு மேலே போய், ஒன்றுக்குக் கீழே நுழையும். அடுத்த வரிசையில் அந்த நுழைவு ஒரு கட்டம் தள்ளிப்போகும். கட்டத்தில் எழுதினால் முதல் வரிசை 1110, அடுத்தது 1101, பிறகு 1011, பிறகு 0111. ஐந்தாம் வரிசையில் மறுபடி முதலிலிருந்து. ஆக, பதினாறு கட்டங்கள் கொண்ட ஒரு சின்னச் சதுரம் போதும், ஊருக்கே ஜீன்ஸ் நெய்துவிடலாம். மென்பொருளில் இதைப் பேட்டர்ன் என்று ஒரு முறை சேமித்தால் எந்த வடிவத்துக்குள்ளும் தானாகப் பரவும். பாவு நீலம், ஊடை சாயமேறாத வெள்ளை. முன்பக்கத்தில் முக்கால் பங்கு நீலமும் கால் பங்கு வெள்ளையும் தெரிகிறது; பின்பக்கத்தில் கணக்கு தலைகீழாகிறது. காலை மடித்துவிட்ட ஜீன்ஸில் உள்புறம் வெளுப்பாகத் தெரிவது இதனால்தான்.

இங்கே பலரும் சறுக்குகிறார்கள். ட்வில்லின் சாய்கோட்டை 45 பாகையில் போட்டுவிடுவார்கள். பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் இருந்தால்தான் 45 பாகை வரும். டெனிமில் பாவு நெருக்கம் அதிகம். அங்குலத்துக்கு 60 பாவு, 40 ஊடை என்று வைத்துக்கொண்டால், ஒரு பாவு இழை தாண்ட அங்குலத்தில் அறுபதில் ஒரு பங்கு. ஓர் ஊடை ஏற நாற்பதில் ஒரு பங்கு. சாய்வு ஏறத்தாழ 56 பாகை. பதினொரு பாகை வித்தியாசம்தான், ஆனால் 45 பாகைக் கோடுகள் வரைபடத்தாளில் அடிக்கும் நிழற்கோடு மாதிரி ஆகிவிடும். 56 பாகையில் அதே கோடு டெனிம் ஆகிறது. பதினாறு கட்டச் சதுரத்தை அகலத்தில் சுருக்கி, உயரம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும்படி வைத்தால் சரியான சாய்வு தானே வந்துவிடும்.

கட்டங்களைத் தட்டை நிறத்தால் நிரப்பவும் கூடாது. ஊடையின் கீழே நுழையும் இடத்தில் பாவு இழை இருட்டுக்குள் போகிறது. மூன்று ஊடைகளைத் தாண்டும்போது நடுவில் சற்று உப்பி வெளிச்சம் வாங்குகிறது. இரு முனையிலும் கரு நீலம், நடுவில் ஒரு படி வெளிர் நீலம் என்று ஒவ்வோர் இழைக்கும் ஒரு கிரேடியன்ட், அதாவது மெல்ல மாறும் நிறக்கலவை, கொடுத்தால் போதும். அதற்கு மேல் நுணுக்கம் சேர்ப்பது வீண் உழைப்பு.

ஒழுங்கைக் குலைக்கும் கணிதம்

இப்போது நம்மிடம் இருப்பது நூறு சதவீதம் சரியான டெனிம். அதனாலேயே பொய்யாகத் தெரிகிறது. நூற்ற நூலில் சில இடம் தடிப்பு, சில இடம் மெலிவு. சாயம் ஒவ்வோர் இழையிலும் ஒரே அளவு ஏறுவதில்லை. நம் கண் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரக் கண். ஒரே சதுரம் ஆயிரம் தடவை ஒட்டப்பட்டிருப்பதை உடனே மோப்பம் பிடித்துவிடும்.

இதே எரிச்சல் கென் பெர்லினுக்கு வந்தது. 1982-இல் வெளியான 'ட்ரான்' திரைப்படத்தின் கணினிக் காட்சிகளில் வேலை பார்த்தவர் அவர். எல்லாமே இயந்திரத்தனமாக வழவழவென்று இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 'பெர்லின் இரைச்சல்'. 1985-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 1997-இல் ஆஸ்கர் அகாதெமி அதற்குத் தொழில்நுட்ப விருது கொடுத்தது. சுத்தமான தற்செயல் என்பது சிக்னல் இல்லாத பழைய டிவியின் புள்ளிக்கூட்டம். அதில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு உறவே இருக்காது. பெர்லினின் கணக்கில் உறவு உண்டு. மதிப்புகள் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், ஆனால் எங்கே ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேகம், பளிங்கு, மரத்தின் வரிகள், துணியின் திட்டுகள் எல்லாமே இந்த வகைத் தற்செயல்தான்.

எஸ்விஜி எனும் வெக்டர் கோப்பு வடிவத்தில் இதற்கு டர்புலன்ஸ் என்ற ஃபில்டர் உண்டு. இன்க்ஸ்கேப் அதை நேரடியாகத் தருகிறது. அதிர்வெண்ணைக் கிடைவாட்டுக்கும் நெடுவாட்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாம் என்பதுதான் துணி வரைகிறவருக்கு அதிர்ஷ்டம். கிடைவாட்டில் 0.4, நெடுவாட்டில் 0.01 என்று வைத்தால் இரைச்சல் மேலிருந்து கீழாக நீண்ட கீற்றுகளாக இழுபடும். பழைய ஜீன்ஸில் நீளவாட்டில் ஓடும் வெளிர்க் கீற்றுகள் வந்துவிட்டன. அதையே டிஸ்ப்ளேஸ்மென்ட் ஃபில்டருக்குள் செலுத்தினால் நெசவுக் கோடுகள் அங்கங்கே ஒரு மயிரிழை விலகும். விலக்கம் மயிரிழையோடு நிற்க வேண்டும். கொஞ்சம் கூடினால் துணி தண்ணீருக்கடியில் கிடப்பது போலாகிவிடும்.

ஃபில்டர் கடைசியில் பிக்சலாகத்தானே மாறுகிறது, இது சுத்த வெக்டர் ஆகாது என்று வாதிடுபவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் கோப்பில் இருப்பது பிக்சல் இல்லை, கணக்கீட்டுக் கட்டளை. இரைச்சலைத் தொடங்கிவைக்கும் விதை எண் ஒன்றாக இருந்தால் எந்தக் கணினியிலும் ஒரே இரைச்சல் வரும்படி, அந்தக் கணக்கின் நிரலையே எஸ்விஜி தரநிலையில் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

ஊசி போன இடம்

தையலுக்கு வருவோம். என் கணக்கில் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. துணியைச் சுமாராக வரைந்து தையலைச் சரியாக வரைந்தால் பார்ப்பவர் மன்னித்துவிடுவார். மாற்றிச் செய்தால் மாட்டார்.

எலையாஸ் ஹோவ் 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரத் தையலில் இரண்டு நூல்கள். மேல்நூல் ஊசியோடு துணிக்குள் இறங்கும். கீழே பாபினிலிருந்து வரும் நூல் அதன் வளையத்துக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். ஊசி மேலேறி, துணி ஒரு தையல் நீளம் நகர்ந்து, மறுபடி இறங்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு தையல் முடியும் ஓட்டையிலேயே அடுத்த தையல் தொடங்குகிறது. அதாவது இயந்திரத் தையலில் இடைவெளி என்று எதுவும் கிடையாது. இரண்டு தையல்களுக்கு நடுவில் தெரிவது ஊசி போன ஓட்டை மட்டும்தான்.

கையால் போடும் ஓட்டுத்தையல் வேறு. அதில் ஒரே நூல் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று ஓடும். கீழே போன தூரமெல்லாம் மேலே வெற்றிடம். வெக்டர் மென்பொருளின் டேஷ் கோடு, அதாவது சம இடைவெளி விட்டு ஓடும் கோடு, வரைவது இந்த ஓட்டுத்தையலைத்தான். முதலில் பார்த்த ஆரஞ்சுக் கோட்டை நம் கண் நிராகரித்ததன் முதல் காரணம் தெரிந்துவிட்டது. தொழிற்சாலையில் தைத்த ஜீன்ஸில் பாட்டி ஒட்டுப்போட்ட தையல்.

கணக்கைச் சரிசெய்வோம். ஜீன்ஸ் மேல்தையல் அங்குலத்துக்கு எட்டு என்று வைத்தால் ஒரு தையலின் நீளம் 3.2 மில்லிமீட்டர். அதற்குப் பயன்படுத்தும் தடித்த நூலின் விட்டம் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். நூல் மூன்று மில்லிமீட்டருக்குத் தெரிந்து, ஓட்டைக்கு 0.2 மில்லிமீட்டர் விட வேண்டும். உடனே டேஷ் 3, இடைவெளி 0.2 என்று போட்டால் தையல்களெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கயிறாகிவிடும். கோட்டின் முனையை உருண்டையாக வைத்தால் மென்பொருள் ஒவ்வொரு முனையிலும் கோட்டின் பாதி அகலத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறது. எனவே டேஷ் 2.6, இடைவெளி 0.6 என்று கொடுக்க வேண்டும். இரு முனையிலும் 0.2 சேர்ந்து, நூல் மூன்று மில்லிமீட்டராகவும் இடைவெளி 0.2 ஆகவும் தெரியும்.

அடுத்தது மூலை. பாக்கெட்டின் மூலைக்கு வந்ததும் தைப்பவர் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்புவார். ஆகவே மூலையில் எப்போதும் ஓர் ஓட்டை இருக்கும். ஊசி போகாத இடத்தில் நூல் திரும்ப வழியில்லை. இல்லஸ்ட்ரேட்டரில் டேஷ்களை மூலைகளோடு ஒழுங்காகப் பொருத்தும் வசதி ஒன்று உண்டு. அட்டவணைக் கட்டங்களுக்கு அது அழகு, ஏனென்றால் மூலையில் ஒரு டேஷை மடக்கி வைக்கும். தையலுக்கு அதுவே வினை. கம்பி போல மடங்கிய நூலை யார் பார்த்திருக்கிறார்கள்? கோட்டை மூலையில் வெட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கோடாக்கி, மூலையிலிருந்தே புதுத் தையலைத் தொடங்குவதுதான் வழி.

கோட்டுத்துண்டு இன்னும் நூலாகவில்லை. ஒரு தையல் நீள அரிசிமணி போலிருக்கும். நடுவில் உப்பி, இரு முனையிலும் ஒடுங்கி ஓட்டைக்குள் இறங்கும். அதற்குள் புரிகள் சுற்றி ஓடும். இயந்திரத் தையல் நூலைப் பெரும்பாலும் ஒரே திசையில்தான் முறுக்குகிறார்கள். நிமிர்த்திப் பிடித்தால் புரிகள் இடக்கீழிலிருந்து வலமேலாக ஏறும். எதிர்த்திசையில் முறுக்கினால் இயந்திரம் தைக்கத் தைக்க முறுக்கைப் பிரித்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே ஒரு தையலைத் தனியாக வரையுங்கள்: உடலுக்கு ஒரு ஆரஞ்சு, அதில் மூன்று நான்கு சாய்ந்த கரு வரிகள், நடுவில் ஒரு வெளிர் கீற்று, முனைகளில் கருப்பழுப்பு நீள்வட்டமாக ஓட்டைகள். இதைப் பேட்டர்ன் பிரஷ்ஷாகச் சேமித்தால் பிறகு எந்தக் கோட்டையும் தையலாக்கலாம். திருப்பூர் போன்ற இடங்களில் ஆடை ஏற்றுமதிக்கு டெக்பேக் எனும் தயாரிப்புக் குறிப்பேடுகளை உருவாக்கும் வடிவமைப்பாளர்கள் இரட்டைத் தையல், ஓவர்லாக், பிளாட்லாக் என்று இத்தகைய பிரஷ்களைத் தொகுப்பாகவே வைத்திருப்பார்கள். அவர்கள் தேவை தெளிவு; நம் தேவை மயக்கம். அதனால் நம் பிரஷ்ஷில் ஒரே தையலுக்குப் பதிலாக நீளமும் சாய்வும் துளி மாறிய ஐந்தாறு தையல்களை வரிசையாக வைப்பது நல்லது.

இவ்வளவு செய்தும் தையல் துணியின் மேல் மிதக்கும். ஏனென்றால் அது துணியை இன்னும் எதுவும் செய்யவில்லை. நிஜத்தில் நூல் இழுவிசையில் இருக்கிறது. பல அடுக்குத் துணியைப் பிடித்து இறுக்குகிறது. இயந்திரத்தின் பல் கீழ்த்துணியை நகர்த்தும் வேகத்தில் மேல்துணி நகர்வதில்லை. துவைத்ததும் பருத்தி சுருங்குகிறது; நூல் அந்த அளவு சுருங்குவதில்லை. எல்லாம் சேர்ந்து தையல் ஓரத்தைச் சின்னச் சின்ன மேடுகளாகவும் பள்ளங்களாகவும் சுருக்கிவிடுகின்றன. மேல், கீழ் அடுக்குகள் சமமாக நகராததால் அந்த மேடுகள் தையலுக்குச் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்திருக்கும்.

இதற்கு மேல் சாயத்தின் வேலை. இண்டிகோ, நம் அவுரி, தண்ணீரில் கரையாது. வேதிமுறையில் ஒடுக்கிப் பச்சையும் மஞ்சளுமான கரைசலாக்கி நூலை அதில் முக்கியெடுத்தால், காற்றுப் பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து மறுபடி நீலமாகிறது. பல முறை முக்கினாலும் சாயம் நூலின் புறத்தோலில்தான் நிற்கும். உள்ளே வெள்ளை அப்படியே இருக்கும். எனவே உரசல் படும் மேடுகளில் நீலத் தோல் தேய்ந்து வெள்ளை எட்டிப்பார்க்கும், பள்ளங்களில் நீலம் தங்கும். பழைய ஜீன்ஸின் தையல் நெடுக வெளிர், கரு, வெளிர், கரு என்று திட்டுத்திட்டாக ஓடுவது இதுதான்.

வரைவது கடினமில்லை. தையலுக்கு அடியிலுள்ள லேயரில் தையல் நெடுகச் சாய்ந்த நீள்வட்டங்களை இடுங்கள். ஒன்று வெளிர் நீலம், அடுத்தது கரு நீலம். ஒவ்வொன்றையும் மங்கலாக்கி, வெளிர்த் திட்டுகளை நிறத்தை வெளுக்கவைக்கும் ஸ்கிரீன் முறையிலும் கருந்திட்டுகளை நிறத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையிலும் துணியோடு கலக்கவிடுங்கள். இடைவெளி தையல் நீளத்தோடு ஒத்துப்போகக் கூடாது. இரண்டு மூன்று தையலுக்கு ஒரு மேடு, அதுவும் சமமில்லாமல். பொறுமை இருப்பவர்கள் இல்லஸ்ட்ரேட்டரில் 1998 முதல் இருந்துவரும் கிரேடியன்ட் மெஷ்ஷில் இதைச் செய்யலாம். நேரம் குறைவாக இருந்து, நூலின் முறுக்கா இந்தச் சுருக்கமா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சுருக்கத்தைத்தான் எடுப்பேன். முறுக்கு ஓரடி தள்ளி நின்றால் தெரியாது. சுருக்கம் அறையின் மறுகோடியிலிருந்தும் தெரியும்.

பாக்கெட் மூலையில் செப்பு ஆணியும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வட்டக் கிரேடியன்ட் போதும். தையல் மட்டும் பாரம் தாங்காமல் கிழிந்ததால் தையல்காரர் ஜேக்கப் டேவிஸ் வைத்த ஆணி அது. லெவி ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

வெளிச்சம் எங்கிருந்து?

தையலுக்கு நிழல் போடும்போது நரம்பியல் உள்ளே வருகிறது. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1988-இல் 'நேச்சர்' இதழில், நிழலை வைத்துக் கண் மேடுபள்ளத்தை உணர்வதைப் பற்றி எழுதினார். மேலே வெளுப்பும் கீழே கறுப்பும் கொண்ட வட்டம் நம் கண்ணுக்குப் புடைத்துத் தெரிகிறது. அதையே தலைகீழாக்கினால் குழியாகத் தெரிகிறது. தாளில் இருப்பதோ தட்டையான மை. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்றும், காட்சி முழுவதற்கும் ஒரே விளக்குதான் என்றும் மூளை நம்மைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. சூரியனுக்குக் கீழே வளர்ந்த மூளை வேறெப்படி நினைக்கும்? சற்றே இடப்புறச் சாய்வும் அந்த நம்பிக்கையில் உண்டு என்று 1998-இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது.

இந்த ஒரு விளக்கு விதியைத்தான் பேட்டர்ன் பிரஷ் சத்தமில்லாமல் மீறுகிறது. தையலின் மேல்விளிம்பில் வெளிச்சமும் கீழ்விளிம்பில் நிழலும் வைத்துப் பிரஷ் செய்திருப்போம். பாக்கெட்டைச் சுற்றி அது ஓடும்போது தையலோடு வெளிச்சமும் திரும்பும். மேல்பக்கத்தில் சரியாக இருந்தது, சுற்றிவந்து அடிப்பக்கத்தை அடையும்போது தலைகீழாகி, அங்கே நூல் துணிக்குள் புதைந்தது போலாகும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். பிரஷ்ஷுக்குள் வெளிச்சக் கீற்றை நூலின் நட்டநடுவில் சமச்சீராக வையுங்கள், நிழலைப் பிரஷ்ஷில் வைக்கவே வேண்டாம். கோடு முழுதும் வரைந்த பிறகு, மொத்தக் கோட்டுக்கும் ஒரே நிழல் விளைவைக் கொடுங்கள். அப்போது நூல் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிழல் கீழ்வலத்தில்தான் விழும்.

எஸ்விஜியின் ஒளி ஃபில்டர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. படத்தின் ஒளிபுகாத் தன்மையையே மேடுபள்ளமாக எடுத்துக்கொண்டு அவை வெளிச்சத்தைக் கணக்கிடும். திசைக் கோணம் 225 என்றால் விளக்கு இடமேல் மூலையில். பளபளப்பைக் கணக்கிடும் சூத்திரம் வியட்நாமில் பிறந்து யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த புய் துவோங் ஃபோங்குடையது. 1973-இல் ஆய்வேட்டை முடித்தவர், 1975-இல் இளவயதிலேயே இறந்துபோனார். வீடியோ கேம்களின் மினுக்குக்கு நெடுங்காலம் மூலமாக இருந்தது அவர் எழுதிய சூத்திரம்.

பட்டும் வெல்வெட்டும் வேறு கதை. பட்டின் மினுக்கு இழையோடும் திசையைப் பொறுத்தது. மயில்கழுத்து நிறப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். உடுத்தியவர் அசைய அசைய ஒன்று மறைந்து மற்றொன்று எழும். அசையாத படத்தில் அதை முழுதாகப் பிடிக்க வழியில்லை. மடிப்பின் ஒரு சரிவில் ஒரு நிறம், மறுசரிவில் மற்றது என்று பிரித்து வைத்து ஒப்பேற்றலாம். வெல்வெட்டில் எழுந்து நிற்கும் மயிரிழைகள் ஓரங்களில்தான் ஒளியை வாங்கும். நடுவைக் கறுப்பாக்கி விளிம்பை வெளுப்பாக்கினாலே வேலை முடிந்தது.

எப்போது நெசவை விட்டுவிடுவது

அங்குலத்துக்கு 60 பாவு கொண்ட டெனிமை, அங்குலத்துக்கு 96 பிக்சல் உள்ள சாதாரணத் திரையில் நிஜ அளவில் காட்டினால் ஓர் இழைக்கு 1.6 பிக்சல் கிடைக்கும். ஓர் இழையையும் அதையடுத்த இழையையும் பிரித்துக் காட்டக் குறைந்தது இரண்டு பிக்சலாவது ஓர் இழைச் சுற்றுக்கு வேண்டும். அது இல்லாதபோது இழைகள் வெறுமனே மங்குவதோடு நிற்காமல், இல்லாத பட்டைகளையும் அலைகளையும் உருவாக்கும். கோடுபோட்ட சட்டை அணிந்தவர் டிவியில் வந்தால் சட்டை நெளியுமே, அதே கோளாறு. வெக்டரை எந்த அளவுக்கும் மாற்றலாம் என்ற பெருமை இங்கே செல்லாது. கோடு கூர்மையாகவே இருக்கும், காட்டும் திரைக்குத்தான் இடமிருக்காது. சிறிய ஐகானுக்கு நெசவை முழுதாகக் கழற்றிவிட்டு, நிறத் திட்டையும் தையல் சுருக்கத்தையும் மட்டும் வைப்பதே புத்தி.

தையலையே கழற்றிவிட வேண்டிய இடங்களும் உண்டு. 2011-இல் ஆப்பிள் தன் மேக் கணினியின் நாட்காட்டிக்குத் தோல் உறை போர்த்தித் தையலும் போட்டது. நண்பர்களின் இருப்பிடம் காட்டும் ஐபோன் செயலிக்கும் அதே அலங்காரம். மிக நேர்த்தியான வேலை. ஆனாலும் பலருக்கு உறுத்தியது, 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 அந்தப் பாணியையே துடைத்தெறிந்தது. அந்தத் தையல் எதையும் இணைக்கவில்லை என்பதுதான் என் குறை. தையல் இருந்தால் அங்கே இரண்டு அடுக்குகள் இருக்க வேண்டும், மடித்த விளிம்பின் தடிமன் இருக்க வேண்டும், அந்தத் தடிமன் கீழ்த்துணியில் நிழல் வீழ்த்த வேண்டும். பாக்கெட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய வெளிர்க் கோடும் அதற்கு வெளியே ஒரு கரு நிழலும் சேர்த்த பிறகுதான் நம் தையலுக்கு அங்கே இருக்க உரிமை வருகிறது.

வெக்டர் கோடு நிஜ நூலாகவே மாறும் இடமும் ஒன்று இருக்கிறது. கணினி எம்பிராய்டரியில் வடிவத்தைத் தையல்களாகப் பிரித்து இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தத் துறையில் பரவலாக வழங்கும் தஜிமா கோப்பு வடிவத்தில் ஒவ்வொரு நகர்வும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் எழுதப்படும். ஒரே தாவலில் 12.1 மில்லிமீட்டருக்கு மேல் போக முடியாது. அங்கே நூலின் இழுவிசை நாம் கேட்காமலே துணியைச் சுருக்கிவிடும். திரையில் கச்சிதமான வட்டம் துணியில் நசுங்கி வரும். அதனால் தையல் ஓடும் திசையில் வடிவத்தைக் கொஞ்சம் அகலமாக்கி அனுப்புவது அவர்கள் வழக்கம். நாம் மெனக்கெட்டு வரையும் சுருக்கத்தை ஒழிக்க அவர்கள் மெனக்கெடுகிறார்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் செலவு ஏதுமில்லை. இன்க்ஸ்கேப் இலவசம், அதோடு சேர்ந்து இயங்கும் இன்க்ஸ்டிச் என்ற எம்பிராய்டரி நீட்சியும் இலவசம். முதல் முயற்சிக்குப் பட்டைத் தொடாதீர்கள், நாலைந்து வருடம் உழைத்த ஜீன்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் ஓரத்தைக் கைபேசிக் கேமராவில் நெருங்கிப் படமெடுத்து, மென்பொருளைத் திறப்பதற்கு முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அங்குலத்துக்கு எத்தனை தையல், மூலையில் ஓட்டை எங்கே, எத்தனை தையலுக்கு ஒரு மேடு. நெசவைக் கடைசியில் வரையலாம்.